இன்னும் எவ்வளவு கிடக்கு?

மணிக்கூடு எல்லாரிடமும் இருக்கலாம். விசில் ஒருவரிடம்தான் இருக்கும். உதைபந்தாட்டத்தை இத்தனை வருசம் வேலியோரம் நின்று பார்த்ததில் நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். குடும்ப வாழ்க்கையில் படித்ததும் இதுவேதான். ஆனால் குடும்பத்தைப் பற்றி எழுதினால் அதை முதலில் வாசிக்கப்போகிறவர் குசினிக்குள் இருக்கிறார் என்பதால், இந்தக் கட்டுரை உதைபந்தாட்டத்தைப் பற்றியது என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மற்ற விளையாட்டெல்லாம் கணக்கு வழக்கோடு நடக்கிறவை. கரப்பந்தாட்டத்துக்கு மணிக்கூடே வேண்டாம், புள்ளியை எண்ணினால் காணும். கிரிக்கெட்டில் பந்தை எண்ணினால் காணும். கூடைப்பந்தாட்டத்தில் விசில் ஊதினதும் மணிக்கூடும் மரியாதையாக நிற்கும். உதைபந்தாட்டத்தின் மணிக்கூடு மட்டும் ஒருவருக்காகவும் நிற்காது. பந்து வேலிக்கு வெளியே போனாலும் ஓடும், ஆள் விழுந்து கிடந்தாலும் ஓடும், இரண்டு பக்கத்துப் பெடியளும் சேட்டைப் பிடித்து இழுபட்டாலும் அது தன்பாட்டில் ஓடும். 45 நிமிடம், 15 நிமிடத்துக்கு மேற்படாத இடைவேளை, திரும்பவும் 45. இடையில் வீணாய்ப் போனதையெல்லாம் நடுவர் தன் மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் கூட்டித் தருவார். அதைத்தான் எங்கள் பத்திரிகைகள் உபாதையீடு நேரம் என்று போடுகின்றன. எப்படிக் கூட்டினீர், எங்கே உமது கணக்குக் கொப்பி என்று ஒருவரும் அவரைக் கேட்க முடியாது. ஆட்டத்தின் ஐந்தாவது சட்டம் நேரக் காப்பாளரும் அவரே என்று எழுதி வைத்துவிட்டது. தீர்ப்புச் சொல்கிறவரின் கையிலேயே மணிக்கூட்டையும் கட்டிவிட்ட விளையாட்டு இது.

ஏழாவது சட்டம், எதற்கெல்லாம் நேரம் கூட்டலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. ஆள் மாற்றுவது, அடிபட்டவரைப் பார்ப்பது, வேண்டுமென்று நேரம் கடத்துவது, மஞ்சள் சிவப்பு அட்டை காட்டுவது, தண்ணீர் குடிக்க விடுவது, வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, கோல் அடித்துவிட்டு ஆளுக்காள் மேலே விழுந்து கொண்டாடுவது. எல்லாம் முடிந்த பிறகு, வேறு எந்தக் காரணமும் என்று ஒரு வரி. வெளியில் இருந்து ஏதும் வந்து குழப்பினாலும் அதற்குள் அடங்கும். இந்த வரியை எழுதினவர் பரந்தன் முல்லைத்தீவு வீதியால் வந்து, விசுவமடு தாண்டி, உடையார்கட்டில் ஒரு பின்னேரம் இறங்கி நின்று மைதானத்தைப் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். மாடு நடுமைதானத்தில் வந்து நிற்கிற விளையாட்டை நேரில் பாராத ஒருவருக்கு அந்த வரி தோன்றியிராது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2022 உலகக் கிண்ணம் கட்டாரில் நடந்தபோது இங்கிலாந்தும் ஈரானும் மோதின ஆட்டம் எங்கள் நேரப்படி பின்னேரம் 6.30 க்கு. அது மின்வெட்டு வருசம். அன்றைக்குக் கரண்ட் போகாமல் இருந்ததே பெரிய காரியம். இன்னொரு பெரிய காரியம், ரீவியின் ரிமோட் என் கைக்கு வந்தது. அது சும்மா வரவில்லை, எழுதாத ஒப்பந்தம் ஒன்றின் பேரில் வந்தது.

"எத்தினை மணிக்கு முடியும்?" என்று மனுசி கேட்டா.

நான் விரல் விட்டு எண்ணினேன். 45, 15, 45 என்றால் 8.15. தாராள மனதோடு ஐந்து நிமிடம் போட்டேன்.

"எட்டு இருபதுக்கு விசில்."

"அப்ப எட்டரைக்குப் புட்டு. அதுக்குப் பிறகு எனக்கு நாடகம் கிடக்கு."

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஈரானின் கோல் காப்பாளர் தன் பக்கத்து ஆளோடேயே முட்டுப்பட்டு விழுந்தார். நெடுநேரம் வைத்தியம் பார்த்தார்கள். எழும்பினார், விளையாடினார், திரும்பவும் படுத்தார், பிறகு வெளியே போனார். முதல் பாதியின் கடைசியில் நான்காவது நடுவர் பலகையைத் தூக்கினார்: 14. எனக்குப் புட்டின் ஞாபகம் வந்தது. இரண்டாம் பாதியின் கடைசியில் 10 என்று தூக்கினார். அந்தப் பத்தும் பத்தோடு நிற்கவில்லை. பதின்மூன்றாவது நிமிடத்தில், ஐந்து கோல் பின்னால் நின்ற ஈரானுக்கு ஒரு பெனால்டி. அதை வீடியோவில் பார்க்க வேறு போனார்கள். 6 - 2 என்று ஆட்டம் முடிந்தபோது எங்கள் சுவர் மணிக்கூட்டில் 8.40 தாண்டிவிட்டது. 6 - 1 என்று முடிந்திருந்தால் ஈரானுக்கு என்ன குறைந்திருக்கும் சொல்லுங்கோ. எனக்கு ஒரு சூடான புட்டு மிஞ்சியிருக்கும்.

நான் விளக்கம் சொல்லத்தான் பார்த்தேன். இத்தாலியில் கொலினா என்று பேர்போன நடுவர் ஒருவர் இருந்தார், இப்போது ஃபீஃபாவில் நடுவர்களுக்கெல்லாம் பெரியவர் அவர்தான், வீணாய்ப் போகிற நேரத்தை இந்த முறை ஒழுங்காய்க் கூட்டித் தருவோம் என்று போட்டி தொடங்க முன்னமே சொல்லியிருந்தார், அதை நான்தான் கணக்கில் எடுக்கவில்லை என்று தொடங்கினேன்.

மனுசி கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே எனக்கு அட்டையின் நிறம் விளங்கிவிட்டது.

"ஆறின புட்டுக்கும் உபாதையீடு கிடக்கோ எண்டு அவரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ."

கூட்டுகிறவர் கூட்டுவார் என்று அன்றைக்குப் படித்திருக்க வேண்டும். நான் படிக்கவில்லை. எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு: கடைசி ஐந்து நிமிடத்தில் இனி ஒன்றும் நடவாது என்று முடிவு கட்டி எழும்பிவிடுகிற வருத்தம். இது பெரிய மனிதருக்கும் வருகிற வருத்தம் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1999 மே 26 இல் பார்சிலோனாவில் ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம். பயர்ன் மியூனிக் 1 - 0 என்று முன்னால். 90 நிமிடம் முடிகிறது. ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்தின் தலைவர் லெனார்ட் ஜொஹான்சன், கிண்ணம் கொடுப்பதற்காக மேலே இருந்து லிஃப்டில் கீழே இறங்கினார். அவர் லிஃப்டுக்குள் இருந்த நேரத்தில் மன்செஸ்டர் யுனைட்டட்டின் செரிங்கம் ஒன்று போட்டார், சோல்ஷேர் இன்னொன்று போட்டார். கதவு திறந்து மனிதர் வெளியே வந்து பார்த்தால் வென்றவர்கள் அழுகிறார்கள், தோற்றவர்கள் ஆடுகிறார்கள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உபாதையீடு மூன்றே நிமிடம். அதற்குள் ஒரு கிண்ணம் கைமாறிவிட்டது.

அந்த வருசம் வன்னியில் எங்களுக்கு ஏது ரீவி, ஏது கரண்ட். வெகுகாலத்துக்குப் பிறகு மகனின் ஃபோனில்தான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் நெஞ்சு பக்கென்றது. ஏனென்றால் அந்த லிஃப்டுக்குள் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். எங்கள் ஊரில் லிஃப்ட் இல்லை, சோடாக்கடை இருந்தது.

எங்கள் பெடியள் 1 - 0 என்று முன்னால். இன்னும் நாலைந்து நிமிடம். வென்று வருகிற பிள்ளைகளுக்குத் தொண்டை வறளுமே என்று, ஊர்ப் பெரியவனுக்குரிய கரிசனையோடு சந்திக்கடைக்கு நடந்தேன். ஒரு பெட்டி சோடாவுக்குக் காசு கட்டி, மூடி திறக்கிறதையும் கேட்டு வாங்கி, கடை வாங்கிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். மைதானப் பக்கம் பெருஞ்சத்தம் கேட்டது. எங்கள் பெடியள் என்று நினைத்து நானும் இங்கிருந்தே கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம். அதற்கும் தட்டினேன். வீதியில் முதலில் வந்தது மற்ற ஊர்ப் பெடியள். தோளில் கிண்ணம். சோடாப் பெட்டியையும் திறப்பையும் என்னையும் பார்த்தார்கள்.

"அண்ணை, எங்களுக்கோ?"

இல்லை என்று எந்த வாயால் சொல்வது? எங்கள் பெடியள் பின்னால் கண் சிவந்து வந்தபோது பெட்டியில் வெறும் போத்தல்தான். அவர்களுக்கு நான் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மற்ற ஊர்க்காரர் என்னைப் பற்றி இன்றைக்கும் நல்ல மாதிரித்தான் கதைப்பார்களாம்.

நேரத்தோடு எங்களுக்குப் பழைய தகராறு ஒன்றும் உண்டு. இளசுகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை, நீங்கள் நம்புவீர்கள். 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் மட்டும் மணிக்கூடு அசையவில்லை, பழைய நேரமே தொடர்ந்தது. மின்சாரமே இல்லாத எங்களுக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கிற நேரம் எதற்கு? ஆக, ஒரு தீவுக்குள் இரண்டு நேரம். வவுனியாவில் பத்து மணி என்றால் உடையார்கட்டில் ஒன்பதரை.

2002 இல் ஏ-9 பாதை திறந்த பிறகுதான் இதன் விளையாட்டு விளங்கியது. ஓமந்தையைத் தாண்டினால், ஒரு அடி நடக்காமலே அரை மணித்தியாலம் போய்விடும். போகும்போது அரை மணித்தியாலம் கிழவனாகி, வரும்போது அரை மணித்தியாலம் இளந்தாரியாகித் திரிந்தோம். அங்கிருந்து கலியாண வீட்டுக்கு வருகிறவர்கள் அவர்கள் கணக்கில் நேரத்துக்கு வந்திறங்குவார்கள். எங்கள் கணக்கில் அப்போதுதான் மாப்பிள்ளை முகம் வழித்துக்கொண்டிருப்பார்.

அந்த நாளில் ஒரு பத்திரம் எடுக்கவென்று வவுனியாவில் ஒரு கந்தோருக்குப் புறப்பட்டேன். நாலேகாலுக்குப் பூட்டுவார்கள், வெள்ளண வெளிக்கிடுங்கோ என்று மனுசி சொன்னா. எனக்குத் தெரியாததோ என்று தேத்தண்ணி குடித்து ஆறுதலாகப் போனேன். பஸ், சோதனை, வரிசை, திரும்பவும் பஸ். கந்தோர்ப் படியேறும்போது என் கையில் மூன்றே முக்கால். அரை மணித்தியாலம் கையில் கிடக்கு என்று சால்வையால் முகத்தைக்கூடத் துடைத்தேன். உள்ளே பியோன் யன்னல் பூட்டுகிறார். நான் என் கையை அவருக்குக் காட்டினேன். அவர் சுவரை எனக்குக் காட்டினார். இரண்டு மணிக்கூடும் சரிதான். திறப்பு அவரிடம் இருந்தது.

2006 ஏப்ரலில் நாடு திரும்பவும் பழைய நேரத்துக்கு வந்தது. முள்ளை முன்னுக்கோ பின்னுக்கோ திருப்பாமல் சும்மா இருந்த எங்களோடு கொழும்பு வந்து சேர்ந்துகொண்டது. என் வாழ்நாளில் நான் ஒன்றும் செய்யாமல் இருந்து, கடைசியில் நான் சொன்னதே சரியென்று ஆன ஒரே விசயம் அது. அதற்குப் பிறகு வந்த 2009 ஐ மணிக்கூட்டால் அளக்க ஏலாது. அதை இதற்குள் இழுக்கவில்லை.

மீளக் குடியேறி, பற்றை வெட்டி, கம்பம் நட்டு, ஊரில் திரும்பவும் பந்து உருளத் தொடங்கின பிறகு, நான் நேரக் காப்பாளன் ஆனேன். தகுதி என்னவென்று கேட்காதேயுங்கோ. விநாடி முள் ஓடுகிற கைமணிக்கூடு ஒன்று என்னிடம் இருந்தது, அதைவிட வேறு சோலி இருக்கவில்லை. கழகத்துப் பெடியள் படலையில் வந்து கேட்டபோது நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றேன். உள்ளே இருந்து மனுசி, "அவர் வருவார்" என்றா.

நடுவர் வெளியூரில் இருந்து வந்தவர். ஒரு கையில் ஓடுகிற மணிக்கூடு, மற்றக் கையில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிற மணிக்கூடு. என்னிடம் அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. கடைசி நிமிடத்தில் தான் விரலால் எத்தனை காட்டுகிறாரோ, அதைப் பலகையில் எழுதித் தூக்க வேணும். உலகக் கிண்ணத்தில் இதற்கு வெளிச்சம் எரிகிற பலகை 1998 இல் இருந்தே இருக்கிறது. எங்களுக்கு முன்பள்ளியில் இருந்து ஒரு சிலேற் வந்தது.

நாலு மணி ஆட்டம். பிரதம விருந்தினர் ஐந்துக்கு வந்தார். மாலை, விளக்கு, கொடி, உரை. உரை நீண்டது. ஏழாவது சட்டத்தை எழுதினவர்கள் எத்தனையோ காரணம் யோசித்திருக்கிறார்கள், பிரதம விருந்தினரின் உரையை மட்டும் யோசிக்கவில்லை. மைதானத்தில் லைற் இல்லை. சூரியன் பனைக்குப் பின்னால் போனால் போனதுதான். அதனால் தொடங்க முன்னமே இரண்டு பக்கமும் பேசி, பாதிக்கு 25 நிமிடம் என்று சுருக்கிக்கொண்டார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

இரண்டாம் பாதியில் எங்கள் பெடியள் 1 - 0. அதற்குப் பிறகு நடந்ததை எண்ணத்தான் மணிக்கூடு வேண்டும். பந்து ஒரு வளவுக்குள் போனது. அந்த வளவு நாய் அதைத் தன் பந்தென்று முடிவு செய்தது. வயலில் இருந்து வந்த பசு ஒன்று நடுவட்டத்துக்குள் நின்று அசைபோட்டது. அதன் சொந்தக்காரர் பார்வையாளருக்குள்தான் இருந்தார், ஆனால் அவர் எங்கள் பக்கம் என்பதால் எழும்ப அவசரப்படவில்லை. எங்கள் கோல் காப்பாளன் பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்தான், எழும்பினான், ஆறுதலாகக் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினான். பெடியன் விளையாடினது வெறுங்காலில். கோல் காப்பாளர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிர்ப்பக்கத்துக்குக் கோணர் என்று பிறகு, 2025 இல், சட்டம் வந்தது. அவன் அன்று வைத்திருந்ததற்கு எத்தனை கோணர் வரும் என்று இடைக்கிடை நான் கணக்குப் பார்ப்பதுண்டு.

இதற்கிடையில் என் கதிரைக்குப் பின்னால் ஊர் முழுக்க வந்து நின்றது.

"அண்ணை, இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"கிடக்கு."

"எவ்வளவு அண்ணை?"

"கொஞ்சம் கிடக்கு."

முன்னால் நிற்கிற பக்கத்துக்கு என் மணிக்கூடு ஓடவில்லை, பின்னால் நிற்கிற பக்கத்துக்கு அது பறக்கிறது. ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி, தானே பார்த்துவிட்டுப் போனா.

கடைசி நிமிடம். நடுவர் எட்டத்தில் ஓடிக்கொண்டே மூன்று விரல் காட்டினார். நான் சோக்கை எடுத்து, 3 என்று வடிவாக எழுதி, எழும்பி நின்று, இரண்டு கையாலும் சிலேற்றைத் தலைக்கு மேல் தூக்கினேன். அறிவிப்பாளரின் ஒலிவாங்கி சரியாக அந்த நேரம் பார்த்துச் செத்தது. ரீவியில் செய்வது போலவே செய்தேன் என்ற திருப்தியில் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். சனம் ஒரு பக்கம் சந்தோசமாக இருந்தது. மற்றப் பக்கமும் சந்தோசமாக இருந்தது. இது எனக்குக் கொஞ்சம் புதினமாகத்தான் பட்டது.

முன்பள்ளிச் சிலேற்றுக்கு இரண்டு பக்கம். முன் பக்கம் என் 3. பின் பக்கம், காலையில் ஏதோ ஒரு பிள்ளை எழுதிவிட்டுப் போன 8.

நடுவர் மூன்றோடு நிறுத்தவில்லை. நிறுத்த வேணும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. பலகையில் காட்டுவது குறைந்த அளவு. அதற்குள்ளும் யாராவது படுத்துக் கிடந்தால் அவர் கூட்டலாம், குறைக்க மட்டும் முடியாது. எங்கள் கோல் காப்பாளன் திரும்பவும் கயிறு கட்டினதால் ஆட்டம் ஐந்தாவது நிமிடத்துக்குள் போனது. அந்த ஐந்தாவது நிமிடத்தில் மற்றப் பக்கம் ஒன்று போட்டு 1 - 1 ஆக்கியது. பந்தை நடுவில் வைத்து உதைத்ததும் நடுவர் நீளமாக ஊதினார்.

என் முன்பக்கத்து ஊர், "மூண்டெண்டு காட்டிப்போட்டு அஞ்சு நிமிசம் விளையாடினதென்ன?" என்று வந்தது. என் பின்பக்கத்து ஊர், "எட்டெண்டு காட்டிப்போட்டு அஞ்சிலை ஊதினதென்ன? இன்னும் ரெண்டு கோல் போட்டிருப்பம்" என்று வந்தது. இரண்டு ஊரும் ஒற்றுமையாக ஒரு விசயத்தில் கைகோத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நடுவர் இரண்டு மணிக்கூட்டையும் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இந்தச் சிலேற்றை முன்பின் அறியாதவர் போல மோட்டச்சைக்கிளில் ஏறினார். இருட்டிவிட்டதால் கிண்ணத்தை ஆளுக்கு ஆறு மாதம் வைத்திருப்பது என்று தீர்த்தார்கள். பிரதம விருந்தினர் இதையொட்டி இன்னும் கொஞ்சம் உரையாற்றினார்.

கனடாவில் இருக்கிற மருமகப் பெடியனுக்குச் செய்தி எப்படிப் போனதோ தெரியாது, விடிய முன்னம் ஆறுதல் வந்தது. மாமா, கவலைப்படாதேயுங்கோ, 1978 உலகக் கிண்ணத்தில் பிரேசிலுக்கும் சுவீடனுக்கும் 1 - 1, கடைசி நொடியில் பிரேசிலின் கோணர் பந்து ஆகாயத்தில் வரும்போதே கிளைவ் தோமஸ் என்ற நடுவர் ஊதிவிட்டார், ஸீக்கோ தலையால் முட்டி உள்ளே போட்டும் கோல் இல்லை என்றுவிட்டார். 2022 இல் ஆபிரிக்கக் கிண்ணத்தில் மாலிக்கும் துனீசியாவுக்கும் நடந்த ஆட்டத்தை ஸாம்பியா நடுவர் ஜனி சிகாஸ்வே 85 ஆவது நிமிடத்தில் ஊதி முடித்தார், பிழை என்று தெரிந்து திரும்பத் தொடங்கி, 90 நிறைய ஒருசில விநாடி இருக்கத் திரும்பவும் ஊதினார். பிறகு வந்து மிச்சத்தை விளையாடுங்கோ என்றபோது மாலி வந்தது, துனீசியா வரவில்லை. மனிதருக்கு வெயில் தலைக்கேறியிருந்ததாம். உங்களுக்கும் வெயில்தான் மாமா என்று முடித்திருந்தான்.

பொழுதுபடுகிற நேரத்தில் ஏது வெயில்? ஆனாலும் பிள்ளையின் மனதுக்காக ஓம் என்று எழுதிவிட்டேன்.

இதையெல்லாம் மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்குச் சிகாஸ்வேயின் மேல் இரக்கம் வந்தது. என் பக்கம் அது திரும்பவில்லை. இனிமேல் மணிக்கூட்டை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இந்தக் கரைச்சலே இல்லை, பந்து ஓடுகிற நேரத்தை மட்டும் எண்ணி பாதிக்கு 30 நிமிடமாக விளையாடலாம் என்று 2017 இல் சட்டம் எழுதுகிற சபையே யோசனை ஒன்றை வெளியில் விட்டது, ஏனென்றால் 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையாய் ஓடுவது 60 நிமிடம்கூட இல்லை என்று சொன்னேன். எனக்கு அதில் விருப்பம் இல்லை என்பதையும் சொன்னேன். நிற்கிற மணிக்கூடு வந்தால் பிறகு சண்டை பிடிக்க ஒன்றுமில்லை, சண்டை பிடிக்க ஒன்றுமில்லாத ஆட்டத்தைப் பார்க்க யார் உடையார்கட்டில் இருந்து சைக்கிள் மிதிப்பார்கள்?

மனுசி அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தா.

"கூட்டலாம், குறைக்க ஏலாது எண்டுதானே சட்டம்?"

"ஓம்."

"அப்ப மூண்டையும் எட்டையும் கூட்டிப் பதினொரு நிமிசம் விளையாட விட்டிருக்கலாமே. ஒரு பக்கமும் குறைஞ்சுபோச்செண்டு கதைக்காது."

சட்டப் புத்தகத்தை நான் மனதுக்குள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு வரி அகப்படவில்லை. நடுவர்கள் பரீட்சைக்கு அவவின் பேரைக் கொடுத்தால் என்ன என்றுகூட நினைத்தேன். பிறகு, இருக்கிற அதிகாரம் போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருசச் சுற்றுப்போட்டிக்குக் கழகத்துப் பெடியள் திரும்பவும் படலைக்கு வந்தார்கள். நான் உள்ளே போய்ச் சேட்டு மாற்றி, தலை இழுத்து, மணிக்கூட்டையும் கட்டிக்கொண்டு வந்தேன். பெடியள் ஆளையாள் பார்த்தார்கள். மூத்தவன் காலால் மண்ணைக் கிளறினான்.

"மணிக்கூடு மட்டும் காணும் அண்ணை."

கழற்றிக் கொடுத்தேன். பின்னேரம் போய் வேலியோரம் நின்றேன். முன்னால், என் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, கதிரையில் ஒரு பள்ளிக்கூடப் பெடியன். எங்கள் பக்கம் 2 - 1. இருப்புக் கொள்ளாமல் மெல்லப் போய் அவன் கதிரைக்குப் பின்னால் குனிந்தேன்.

"தம்பி, இன்னும் எவ்வளவு கிடக்கு?"

அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

"கிடக்கு, ஐயா."